மின்வாய்ப் பரப்பும் எரிபொருளும்: கார்பன் டை ஆக்சைடின் மின்வேதி ஒடுக்க வரலாறு (1870–2019)

ஆய்வுச் சுருக்கம்

கார்பன் டை ஆக்சைடை மின்னாற்றலால் எரிபொருளாக மாற்றும் ஆய்வு, காலநிலை மாற்றம் குறித்த அண்மைக்காலக் கவலையிலிருந்து பிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வினை 1870ஆம் ஆண்டிலேயே பதிவானது. அன்று முதல் இன்று வரை வினை ஒன்றாகவே இருக்க, அதனை ஆராய்ந்தோரின் நோக்கம் பலமுறை மாறியது. நோக்கங்களின் மாற்றத்திற்கு இடையே மின்வாயின் மேற்பரப்பு படிப்படியாக ஆய்வின் மையத்திற்கு வந்ததை இக்கட்டுரை காலவரிசையில் நிறுவுகிறது. அவ்வரிசையில் 1971இல் வெளியான காரைக்குடி ஆய்வின் இடத்தையும் மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: கார்பன் டை ஆக்சைடு, மின்வேதி ஒடுக்கம், வினையூக்கி, மாற்றமைக்கப்பட்ட மின்வாய், காப்பர், காரைக்குடி, அறிவியல் வரலாறு.

1. முன்னுரை

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் ஒரு துறையின் இன்றைய பயனைக் கொண்டே அதன் தொடக்கத்தைத் தேடுவது வழக்கம். கார்பன் டை ஆக்சைடின் மின்வேதி ஒடுக்கமும் இவ்வழக்கத்திற்கு ஆட்பட்டுள்ளது. புவி வெப்பமாதலுக்கான தீர்வுகளுள் ஒன்றாக இன்று பேசப்படுவதால், அது அண்மையில் தோன்றிய துறை என்றே மாணவர்க்கு அறிமுகமாகிறது. அவ்வாறு அறிமுகப்படுத்தும்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஏறத்தாழ நூறாண்டுக் கால ஆய்வுகள் பார்வையிலிருந்து மறைகின்றன. எத்தகைய தடைகள் மீண்டும் மீண்டும் எழுந்தன என்னும் அறிவும் அவற்றோடு மறைகிறது. பழைய தடையைப் புதிய தடையாகக் கருதும் ஆய்வாளர் பழைய விடைகளைத் தேடிச் செல்வதில்லை. இவ்வரலாற்றை முறையாக எழுத வேண்டிய தேவை இதனாலேயே எழுகிறது.

2. வினையின் இயல்பு

வரலாற்றைப் புரிந்துகொள்ள வினையின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு என்பது கார்பன் முழுமையாக ஆக்சிசனேற்றம் அடைந்த நிலை. விறகோ பெட்ரோலோ எரிந்து முடிந்தபின் எஞ்சுவது அதுவே. அதனை மீண்டும் எரிபொருளாக்க வேண்டுமெனில், எரியும்போது வெளிப்பட்ட ஆற்றலையேனும் திரும்ப ஊட்ட வேண்டும். மின்வேதி முறையில் எதிர்மின்வாய் எலக்ட்ரான்களையும் நீர் புரோட்டான்களையும் வழங்குகின்றன. இரண்டு எலக்ட்ரான்கள் சேரின் கார்பன் மோனாக்சைடு அல்லது ஃபார்மிக் அமிலம் கிட்டும். ஆறு சேரின் மெத்தனாலும், எட்டு சேரின் மீத்தேனும், இரு மூலக்கூறுகளுக்குப் பன்னிரண்டு சேரின் எத்திலீனும் விளையும்.

இங்கு இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, ஒற்றை எலக்ட்ரானை மட்டும் ஏற்கும் படி மிகக் கடினமானது. நடுநிலைக் கரைசலில், திட்ட ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட, அதற்கு ஏறத்தாழ −1.90 வோல்ட் தேவை. புரோட்டான்களுடன் சேர்ந்து பல எலக்ட்ரான்கள் ஏறும் வழிகளுக்கோ மெத்தனாலெனில் −0.38 வோல்ட்டும், கார்பன் மோனாக்சைடெனில் −0.53 வோல்ட்டும் கோட்பாட்டளவில் போதும். இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள பெரும் இடைவெளியைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. இரண்டாவது, அதே கரைசலில் நீரிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும் வினை −0.41 வோல்ட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே செலுத்தும் மின்னோட்டம் வேண்டிய வினைக்குச் செல்லுமா, ஹைட்ரஜனாக வீணாகுமா என்பதை மின்வாயின் பரப்பே தீர்மானிக்கிறது.

3. முதற்கட்டம்: வினை நிகழுமா என்னும் வினா (1870–1914)

இத்துறையின் முதற்சான்றாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது, பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் அறிக்கைத் தொகுதியில் 1870இல் ரோயே வெளியிட்ட குறிப்பாகும். துத்தநாக எதிர்மின்வாயில் கார்பானிக் அமிலம் ஃபார்மிக் அமிலமாக ஒடுங்குவதை அவர் அறிவித்தார். அதே 1870இல், தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடிலிருந்து முதலில் ஃபார்மால்டிஹைடை உருவாக்குகின்றன என்னும் கருதுகோளை ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் முன்வைத்தார். அக்கருதுகோள் பிற்காலத்தில் நிலைபெறவில்லை. ஆயினும் உயிரற்ற வாயுவிலிருந்து கரிமச் சேர்மம் எவ்வாறு தோன்றுகிறது என்பது அக்கால வேதியியலின் உயிர்நாடியான வினாக்களுள் ஒன்று என்பதை இது காட்டுகிறது. எரிபொருள் என்னும் நோக்கிற்கு அன்று இடமிருக்கவில்லை.

1904இல் கோயன், யான் ஆகிய இருவரும் ஜெர்மன் வேதியியல் கழக இதழில் கார்பானிக் அமிலத்தின் மின்னாற்பகுப்பு ஒடுக்கத்தை மீண்டும் ஆராய்ந்து வெளியிட்டனர். 1914இல் ஃபிரான்ஸ் ஃபிஷரும் பிரிட்சாவும் அழுத்தத்தில் கரைக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை மின்னாற்பகுத்தனர். வாயுவை அழுத்தத்தில் கரைத்ததற்குக் காரணம் உண்டு. இயல்பான வளிமண்டல அழுத்தத்திலும் 25 பாகை செல்சியசிலும் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 33 மில்லிமோல் அளவே கார்பன் டை ஆக்சைடு கரையும். வினைபடுபொருள் போதிய அளவில் மின்வாயை எட்டாமையே தடை என்பதை அவ்வாய்வு உணர்ந்திருந்தது. பிற்காலத்தில் ஃபிஷர், டிராப்ஷ் என்பவருடன் இணைந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவையிலிருந்து திரவ எரிபொருள் ஆக்கும் முறையை 1920களில் உருவாக்கினார். வாயுவிலிருந்து எரிபொருள் என்னும் கருத்து அம்முறை வழியே நிலக்கரியை நோக்கிச் சென்றது. மின்வேதி வழி நெடுங்காலம் பின்தங்கி நின்றது.

4. பாதரசமும் காரைக்குடியும் (1954–1971)

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆய்வுகளில் பாதரசம் முதன்மை பெற்றது. பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் வெளிப்படாது. போட்டி வினை அடங்குவதால் வேண்டிய வினையைத் தெளிவாக அளக்க முடிந்தது. 1954இல் டீட்டரும் வான் ரிசல்பெர்கேயும், 1969இல் பைக், ஆண்டர்சன், ஐரிங் ஆகியோரும் பாதரச எதிர்மின்வாயில் நிகழும் ஒடுக்கத்தை ஆராய்ந்தனர். முதல் எலக்ட்ரானை ஏற்கும் படியே வினையின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்னும் புரிதல் இக்காலத்தில் வலுப்பெற்றது. வினா இப்போது 'வினை நிகழுமா' என்பதிலிருந்து 'எப்படிகளில் நிகழ்கிறது' என்பதற்கு நகர்ந்தது.

இக்கட்டத்தின் இறுதியில் தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று இடம்பெறுகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. 1948 ஜூலை 25இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பெற்றது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த கே. எஸ். உடுப்பா, ஜி. எஸ். சுப்பிரமணியன், எச். வி. கே. உடுப்பா ஆகிய மூவரும் கார்பன் டை ஆக்சைடை ஃபார்மிக் அமிலமாக மின்னாற்பகுப்பு முறையில் ஒடுக்குவது பற்றிய கட்டுரையை 1971இல் எலக்ட்ரோகிமிகா ஆக்டா இதழில் வெளியிட்டனர். இரசக்கலவை பூசிய காப்பர் எதிர்மின்வாயைச் சுழலவிட்டு அவர்கள் ஆய்வு நிகழ்த்தினர்.

இவ்வமைப்பின் இரு கூறுகள் நோக்கத்தக்கவை. மின்வாய் சுழலும்போது அதனைச் சூழ்ந்த கரைசல் கலங்கி, வினையால் குறைந்துபோன கார்பன் டை ஆக்சைடு விரைந்து ஈடு செய்யப்படுகிறது. ஃபிஷர் அழுத்தத்தால் எதிர்கொண்ட தடையைக் காரைக்குடி ஆய்வு சுழற்சியால் எதிர்கொண்டது. அடுத்து, காப்பரின் மேல் பாதரசப் படலம் அமைக்கப்பட்டதால் உள்ளிருக்கும் உலோகம் தாங்கியாக நிற்க, வினையாற்றும் பரப்பு வேறாகியது. உறுதியான ஓர் அடித்தளத்தின் மேல் வேண்டிய பண்புடைய பரப்பை அமைத்தல் என்னும் இக்கருத்தே பின்னர் வேறு வடிவில் இத்துறையை ஆண்டது. பயன்பாட்டு நோக்கில் மேற்கொள்ளப்பட்ட இவ்வாய்வின் இலக்கு ஃபார்மிக் அமிலம் என்னும் வேதிப்பொருளே. எண்ணெய் நெருக்கடிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது வெளியானது. எனவே எரிபொருள் தேவையின் விளைவாக மட்டும் இத்துறையைக் காணும் வரலாறு இவ்வாய்வை விளக்க இயலாது.

5. எண்ணெய் நெருக்கடியும் மாற்றமைக்கப்பட்ட மின்வாயும் (1973–1985)

1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால், சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இறக்குமதி எண்ணெயைச் சார்ந்திருந்த ஜப்பானுக்கு இது பெரும் அதிர்ச்சி. மாற்று எரிபொருள் ஆய்வுகள் உலகெங்கும் ஊக்கம் பெற்றன.

இதே வேளையில், நெருக்கடியைச் சாராத மற்றொரு மாற்றம் மின்வேதியியலுக்குள்ளேயே நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை மின்வாய் என்பது உலோகம் அல்லது கார்பன் என்னும் கடத்தியாகவே கருதப்பட்டது. அதன் பரப்பில் திட்டமிட்டு மூலக்கூறுகளை இணைத்து, அது ஆற்றும் வேதிச் செயலை வடிவமைக்கலாம் என்னும் எண்ணம் 1970களில் உருப்பெற்றது. 1973இல் லேனும் ஹப்பர்டும் பிளாட்டினப் பரப்பில் கரிம மூலக்கூறுகளைக் கவரச் செய்து அதன் இயல்பை மாற்றினர். 1975இல் மோசஸ், வியர், மரே ஆகியோர் வெள்ளீய ஆக்சைடு மின்வாயின் மீது மூலக்கூறுகளை வேதிப்பிணைப்பால் இணைத்து, 'வேதியியலால் மாற்றமைக்கப்பட்ட மின்வாய்' என்னும் வழக்கை நிலைநிறுத்தினர்.

இவ்விரு ஓட்டங்களும் கார்பன் டை ஆக்சைடில் சந்தித்தன. 1974இல் மெஷிட்சுகா, இச்சிகாவா, தமாரு ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் கோபால்ட், நிக்கல் ஃப்தலோசயனின்களைக் கிராஃபைட் மின்வாயில் பூசி, அவை கார்பன் டை ஆக்சைடு ஒடுக்கத்திற்கு வினையூக்கிகளாகச் செயற்படுவதைக் காட்டினர். ஃப்தலோசயனின் என்பது சாயத் தொழிலில் நன்கு அறியப்பட்ட பெருவளையச் சேர்மம். பச்சையத்தின் மைய வளையத்தை ஒத்த அமைப்புடையது. வளையத்தின் நடுவிலுள்ள உலோக அயனியே வாயு மூலக்கூறைப் பற்றும் இடமாகும். விலையுயர்ந்த உலோகத்தை முழு மின்வாயாகக் கொள்ளாமல், மலிவான கார்பன் பரப்பில் மிகச் சிறிதளவு உலோகத்தை மூலக்கூறு வடிவில் பரப்பினால் போதும் என்பதே இதன் உட்பொருள்.

அடுத்த பத்தாண்டில் இவ்வழி விரிவடைந்தது. 1980இல் ஃபிஷர், ஐசன்பர்க் ஆகியோர் கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் நைட்ரஜன் பெருவளைய அணைவுகளைக் கரைசலில் பயன்படுத்தினர். இந்த ஃபிஷர், முன்னர்க் கூறிய ஃபிரான்ஸ் ஃபிஷர் அல்லர். ஸ்ட்ராஸ்பர்க்கில் ழான்-மரி லேன் குழுவினர் ரீனியம் அணைவையும், ழான்-பியர் சொவாஜ் குழுவினர் நிக்கல் சைக்லாம் அணைவையும் ஆராய்ந்தனர். நிக்கல் சைக்லாம் கரைசலில் இடப்பட்டாலும் பாதரச மின்வாயின் பரப்பில் கவரப்பட்ட நிலையிலேயே மிகுதியாக வினையாற்றியது. 1984இல் லீபரும் லூயிசும் கோபால்ட் ஃப்தலோசயனின் பூசிய கார்பன் மின்வாயில் கார்பன் மோனாக்சைடு முதன்மை விளைபொருளாவதையும், வினையூக்கியின் ஒரு மூலக்கூறு ஓர் இலட்சம் முறைக்கு மேல் செயற்பட வல்லது என்பதையும் காட்டினர். 1985இல் மரே, மேயர் குழுவினர் ரீனியம் அணைவைப் பலபடிப் படலமாக மின்வாயின் மேல் படியவைத்தனர்.

இவற்றால் தேர்திறன் உயர்ந்தது. ஆயினும் விளைபொருள்கள் பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரான் எல்லையைத் தாண்டவில்லை. எரிபொருளாக நேரடியாகப் பயன்படக்கூடிய மீத்தேனோ எத்திலீனோ கைவரவில்லை.

6. காப்பர்: எதிர்பாராத திருப்பம் (1985–2012)

அவ்வெல்லையைத் தாண்டியது எளிய உலோகத் தகடு ஒன்றாகும். 1985இல் சிபா பல்கலைக்கழகத்தின் யோஷியோ ஹோரியும் உடனாய்வாளர்களும் பல உலோகங்களைப் பைகார்பனேட் கரைசலில் ஒரே முறையில் சோதித்தனர். ஏனைய பெரும்பாலான உலோகங்களைப் போலன்றிக் காப்பர் மட்டும் மீத்தேனைக் கணிசமான அளவில் தந்தது. தொடர்ந்த ஆய்வுகளில் எத்திலீனும் உறுதியாயிற்று. 1994இல் ஹோரி குழு வெளியிட்ட விரிவான அளவீட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில், காப்பர் ஏறத்தாழ 33 விழுக்காட்டு மின்னோட்டத்தை மீத்தேனாகவும் 25 விழுக்காட்டை எத்திலீனாகவும் மாற்றியது.

அவ்வளவீட்டின் அடிப்படையில் உலோகங்கள் நான்கு வகையாயின. தங்கம், வெள்ளி, துத்தநாகம் ஆகியவை கார்பன் மோனாக்சைடைத் தரும். காரீயம், பாதரசம், இண்டியம், வெள்ளீயம் ஆகியவை ஃபார்மேட்டைத் தரும். இரும்பு, நிக்கல், பிளாட்டினம் ஆகியவற்றில் ஹைட்ரஜனே மிகும். காப்பர் தனித்து நின்றது. இடைப்பொருளாகத் தோன்றும் கார்பன் மோனாக்சைடைத் தங்கம் தளர்வாகப் பற்றுவதால் அது விலகிச் செல்கிறது. பிளாட்டினம் இறுகப் பற்றுவதால் பரப்பு அடைபடுகிறது. காப்பரின் பற்று இடைத்தரமானது. ஆகவே இடைப்பொருள் மேலும் எலக்ட்ரான்களை ஏற்கும் வரை பரப்பில் தங்குகிறது. 1971ஆம் ஆண்டுக் காரைக்குடி அமைப்பில் காப்பர் பாதரசத்தின் கீழ் மறைந்திருந்ததை இங்கு நினைவுகூரலாம். ஃபார்மிக் அமிலம் இலக்காகையில் காப்பரை மறைப்பதே முறை. ஹைட்ரோகார்பன் இலக்காகையில் அதனை வெளிப்படுத்துவதே முறை. நோக்கம் மாறும்போது தக்க பரப்பும் மாறுகிறது.

காப்பர் மின்வாய் வினைத்திறனை விரைவில் இழக்கிறது என்னும் குறையும் இலக்கியத்தில் பலமுறை பதிவாயிற்று. ஹோரி குழுவினர் 2005இல் இதனை ஆராய்ந்து, கரைசலில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள இரும்பு, துத்தநாகம் போன்ற உலோக மாசுகள் காப்பரின் மேல் படிவதே வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் என விளக்கினர். கரைசலை முன்கூட்டியே மின்னாற்பகுத்துத் தூய்மைப்படுத்தினால் மின்வாய் நிலைத்து இயங்கியது. உலோகத்தின் இயல்பெனக் கருதப்பட்டது கரைசலின் தூய்மைக் குறைவு எனத் தெரியவந்தது. மின்வாயை ஆய்வாளர் அறியாமலே மாற்றமைக்கக்கூடிய காரணிகள் உள்ளன என்பது இதன் பாடம். 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நுட்பமான பகுப்பாய்வால் காப்பர் மின்வாயில் 16 விளைபொருள்களைக் கண்டறிந்தனர். பரப்பின் சிக்கல் இதனால் மேலும் வெளிப்பட்டது.

7. கரைதிறன் தடையைக் கடத்தல் (1987–2019)

கார்பன் டை ஆக்சைடு நீரில் குறைவாகக் கரைவது ஃபிஷர் காலம் முதல் தொடர்ந்த தடை. 1987இல் மஹ்மூத், மாஷெடர், ஹார்ட்டி ஆகியோர் வாயு விரவல் மின்வாயைக் கையாண்டனர். நுண்துளைகள் கொண்ட இம்மின்வாயின் ஒருபுறம் வாயுவும் மறுபுறம் கரைசலும் நிற்கும். வாயு கரைசல் முழுதும் பரவ வேண்டியதில்லை. வினையூக்கி அமைந்துள்ள எல்லையை அது நேரே எட்டுகிறது. காரீயம், இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றோடு உலோக ஃப்தலோசயனின்களையும் அவர்கள் இவ்வமைப்பில் இட்டுச் சோதித்தனர். 1974ஆம் ஆண்டுக் கருத்தும் 1914ஆம் ஆண்டுத் தடைக்கான தீர்வும் ஒரே மின்வாயில் இணைந்தன.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் காலநிலை மாற்றத்திற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. மௌனா லோவாவில் 1958இல் அளவீடு தொடங்கியபோது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு 2013இல் 400ஐத் தொட்டது. துறையின் நோக்கம் மீண்டும் மாறி, எரிபொருள் தேடலோடு வாயுக் குறைப்பும் சேர்ந்தது. 2018இல் டொரொன்டோவின் சார்ஜென்ட் குழு, காப்பர் வினையூக்கி பூசிய வாயு விரவல் மின்வாயில் 70 விழுக்காட்டு ஃபாரடே திறனுடன் எத்திலீனை உருவாக்கி, 150 மணிநேரம் இயக்கியதை அறிவித்தது. 2019இல் யேல் பல்கலைக்கழகக் குழு, கோபால்ட் ஃப்தலோசயனினைக் கார்பன் நுண்குழாய்களின் மேல் தனித்தனி மூலக்கூறுகளாகப் பரப்பி, 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட ஃபாரடே திறனுடன் மெத்தனாலைப் பெற்றது. 1974இல் பூசப்பட்ட அதே சேர்மம், பரப்பும் முறை மாறியதால், ஆறு எலக்ட்ரான் விளைபொருளைத் தந்தது.

8. அளவுகோல்கள் குறித்த மதிப்பீடு

செலுத்திய எலக்ட்ரான்களுள் எத்தனை வேண்டிய பொருளுக்குச் சென்றன என்பதையே ஃபாரடே திறன் கூறும். எவ்வளவு ஆற்றல் எரிபொருளில் சேமிக்கப்பட்டது என்பதை அது கூறாது. எடுத்துக்காட்டாக, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் எத்திலீனாகவும் ஆக்சிசனாகவும் மாற்றக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 1.15 வோல்ட் போதும். ஒரு மின்கலம் 3 வோல்ட்டில் இயங்குவதாகவும் அதன் ஃபாரடே திறன் 70 விழுக்காடாகவும் கொண்டால், ஆற்றல் திறன் ஏறத்தாழ 27 விழுக்காடே ஆகும். மேலும், காரக் கரைசல் உள்வரும் கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதியைக் கார்பனேட்டாக உறிஞ்சிக்கொள்ளும். அதனை மீட்கத் தனியே ஆற்றல் செலவிட வேண்டும்.

எரிபொருள் எரிந்ததும் அதே வாயு மீண்டும் வளிமண்டலத்தில் கலக்கும் என்பதும் கருதத்தக்கது. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், வெளியேற்றம் குறைவதற்கு மாறாக மிகும். சூரிய ஒளி, காற்று ஆகியவற்றிலிருந்து பெறும் மின்சாரமே இம்முறைக்குப் பொருள் தரும். வினையூக்கியின் வெற்றியைக் காலநிலைக்கான வெற்றியாக உடனே எண்ணிவிடுதல் பொருந்தாது. ஃபாரடே திறன், மின்னழுத்தம், மின்னோட்ட அடர்த்தி, நிலைப்பு என்னும் நான்கையும் ஒருசேரக் கொண்டே ஓர் ஆய்வு முடிவை மதிப்பிட வேண்டும்.

9. முடிவுரை

கார்பன் டை ஆக்சைடின் மின்வேதி ஒடுக்கம் 19ஆம் நூற்றாண்டில் கரிமச் சேர்மங்களின் தோற்றம் பற்றிய வினா எழுந்திருந்த சூழலில் பதிவாயிற்று. 1970களில் எரிபொருள் தேடலையும், 1990களுக்குப் பின் காலநிலைக் கவலையையும் அது சார்ந்து நின்றது. நோக்கங்கள் மாறினும் இரு தடைகள் மாறவில்லை. ஒன்று மின்வாயின் பரப்பு எதனைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. மற்றொன்று வாயு அப்பரப்பை எவ்வாறு எட்டுகிறது என்பது. அழுத்தம், சுழலும் மின்வாய், வாயு விரவல் மின்வாய் என்பன இரண்டாவது தடைக்கு 1914, 1971, 1987 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகள் தந்த விடைகள். பாதரசப் படலமும் ஃப்தலோசயனின் பூச்சும் வெற்றுக் காப்பரும் முதல் தடைக்குக் கிடைத்த விடைகள்.

இவ்வரிசையில் காரைக்குடி ஆய்வு இரு தடைகளையும் ஒரே கருவியில் எதிர்கொண்ட ஒன்றாக இடம்பெறுகிறது. அதனை முதன்மைக் கண்டுபிடிப்பு என மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அதனை விடுத்து எழுதப்படும் வரலாறு, 1954ஆம் ஆண்டுப் பாதரசத்திலிருந்து 1974ஆம் ஆண்டுப் பூச்சுக்கு இடையேயுள்ள ஒரு படியைத் தவறவிடுகிறது. தமிழில் வேதியியல் பயிற்றுவிப்போர் இத்துறையை அறிமுகப்படுத்துகையில் அப்படியையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.